ரோபோ அனுப்ப நினைக்கும் உறவுகளுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

இலண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சூரிச் என்று எங்கெங்கோ இருந்துகொண்டு வன்னிப் பாடசாலைகளுக்குக் கைகொடுக்கும் பழைய மாணவர் சங்கத்து அண்ணாமார், அக்காமாருக்கு,

வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலை ஒன்றின் விசேட கல்வி அலகில் படிப்பிக்கிறேன். பேச்சிலும் மற்றவரோடு பழகுவதிலும் சிரமம் தரும் ஓட்டிசம் என்ற நிலை உள்ள பிள்ளைகளோடு பேசி விளையாடும் ரோபோ ஒன்றையும் கொஞ்சம் டேப்லெட்டுகளையும் வாங்கி அனுப்பலாமா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். கட்டடத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் காசு சேர்க்கிற சங்கங்கள் நிறைய உண்டு. பேச்சு வராத பிள்ளையை நினைக்கிற சங்கம் குறைவு. நீங்கள் நினைத்தீர்கள். அந்த நன்றியோடுதான் மறைக்காமல் எழுதுகிறேன்: ரோபோ வேண்டாம். அந்தக் காசில் தமிழ் பேசும் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரை மாதம் தவறாமல் எங்கள் பக்கம் வரவையுங்கள். டேப்லெட் வரட்டும், அவருக்குப் பின்னால் வரட்டும்.

ரோபோவால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தின் ஹேர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் 2005 முதல் காஸ்பர் என்ற ரோபோவை உருவாக்கி வளர்த்து வருகிறார்கள். ஒரு சின்னப் பிள்ளையின் அளவு. அதன் முகத்தை வேண்டுமென்றே எளிமையாகச் செய்திருக்கிறார்கள். மனித முகம் கண் மூடித் திறப்பதற்குள் மாறிவிடும். எங்கள் பிள்ளைகள் சிலருக்கு அதைப் பார்த்துப் புரிந்துகொள்வதே பெரிய பாடு. ரோபோவுக்கு எப்போதும் அதே முகம், அதே குரல். ஒரே விளையாட்டை எத்தனை தரம் கேட்டாலும் சலிக்காது, கோபப்படாது. அந்த நிச்சயம் பிள்ளைக்குத் தைரியம் கொடுக்கிறது.

2018இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் 12 பிள்ளைகளின் வீடுகளில் ஒரு மாதம் ரோபோவை வைத்துப் பார்த்தார்கள். நாளுக்கு அரை மணி நேரம். அடுத்தவர் எதைப் பார்க்கிறார் என்று கவனித்துத் தானும் அதைப் பார்க்கிற பழக்கம் பிள்ளைகளில் கூடியது. ரோபோ பக்கத்தில் இல்லாத நேரத்திலும் அது தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த விளையாட்டில் பிள்ளையோடு வீட்டுப் பெரியவர் ஒருவரும் சேர்ந்து இருந்தார். காஸ்பரையும் பல வேளைகளில் பெரியவர் ஒருவர்தான் பொத்தானை அமத்தி இயக்குவார், எப்போது எதைச் சொல்ல வைப்பது என்று தெரிந்தவர். எங்களிடம் இல்லாதது அந்த ஆள்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அமெரிக்காவில் 799 டொலருக்கு விற்ற மொக்ஸி என்ற ரோபோவைச் செய்த நிறுவனம், மூடப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. அதன் பேச்செல்லாம் இணையத்தின் வழியே நிறுவனத்தின் கணினிகளில் இருந்துதான் வந்தது. நிறுவனம் போனால் அதுவும் போகும். 'உன் சிநேகிதன் இனிப் பேச மாட்டான்' என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பெற்றோர் தவித்தார்கள். உலகமெங்கும் இந்தச் சிகிச்சை ஆய்வுகளில் அதிகம் பயன்பட்ட நாவோ ரோபோவின் பிரெஞ்சு நிறுவனமும் 2025இல் திவாலானது. பெரிய நகரங்களிலேயே இந்த நிலை என்றால் எங்களை நினைத்துப் பாருங்கள். இங்கே ஒரு பிரின்ரர் பழுதானாலே வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வழக்கமாக உட்காரும் கதிரை மாறினாலே நாள் முழுக்க அழுகிற பிள்ளைக்கு, பழகின ஒன்று ஒருநாள் பேசாமல் நின்றால் என்ன ஆகும்?

டேப்லெட்டின் கதை வேறு. அதை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

ஏழு வயதுத் தம்பி ஒருவன், வாய்ப்பேச்சு இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பானையடியில் விடுவான், முகத்தைப் பார்க்க மாட்டான். டேப்லெட்டில் இரண்டே இரண்டு படம் வைத்தோம்: தண்ணீர், ஊஞ்சல். தொட்டால் குரல் சொல்லும். அவன் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தான். "சும்மா விளையாடுறான் டீச்சர்" என்று தாய் வாங்கி வைக்கப் போனார். வேண்டாம், அவன் தொடும் ஒவ்வொரு தரமும் கோப்பையில் ஒரு வாய் தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள் என்றேன். பாதி நிலத்தில் போனது, சட்டை நனைந்தது, தாய்க்குக் களைத்துப் போனது. சில கிழமைக்குப் பிறகு படத்தைத் தொட்டான், கையை எடுத்தான், தாயை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீர் வரும் என்று தெரிந்து நின்றான்.

இரண்டு படத்தோடு தொடங்கு, தொட்டால் உடனே கொடு என்பதெல்லாம் எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. பயிற்சிப் பட்டறை ஒன்றில் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவர் சொல்லித் தந்தது. அந்தப் பாடம் கிடைக்காத வீட்டில் இதே டேப்லெட் கார்ட்டூன் பெட்டியாகிவிடும். இல்லையென்றால் அலுமாரிக்குள் போய்விடும்.

படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடும் என்று இங்கே பல தாய்மார் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு அது பேச்சுக்கும் உதவுகிறது. போன் கொடுத்ததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று தாயைக் குற்றம் சொல்கிற உறவுகளும் உண்டு. போன் ஓட்டிசத்தை உண்டாக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. தனியே யூடியூப்போடு விட்டால் பேசிப் பழகும் நேரம் வீணாகும் என்பது மட்டும் உண்மை. இந்த இரண்டையும் ஒரு தாய்க்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

அந்த ஆளைத் தேடித்தான் விடியப்புறம் பஸ் ஏறுகிறார்கள். உட்கிராமத்திலிருந்து யாழ்ப்பாணம் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். ஹோர்ன் சத்தத்துக்கே காதைப் பொத்தி அலறுகிற பிள்ளையோடு அந்த நெரிசலில் தாய் படும் பாட்டைப் பார்த்தவர்கள், அடுத்த கிளினிக்குக்கு ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டார்கள். பேச்சுச் சிகிச்சைப் படிப்பு இந்த நாட்டில் ராகமவிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில்தான் தொடங்கியது. தமிழில் சிகிச்சை செய்யக்கூடியவர்கள் இன்றும் குறைவு. இருக்கிறவர்களைத்தான் நாம் பங்குபோட வேண்டும்.

தென்னிலங்கையில் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் செய்து 2009இல் வெளியான ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவருக்கு ஓட்டிசம் தெரிந்தது. ஓட்டிசத்தைக் கண்டறியப் பயன்படும் வெளிநாட்டுக் கேள்விக்கொத்து பல பிள்ளைகளைத் தவறவிடுவதையும் அவர்கள் கண்டார்கள். அதனால் இலங்கைத் தாய்மார் பார்த்துச் சொல்லக்கூடியதாகப் படங்களாலான மதிப்பீட்டு முறை ஒன்றைப் பின்னர் உருவாக்கினார்கள். டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் பேசும் செயலிக்கும் அதே நியாயம்தான். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழில் பேசுகிறது, அதில் தொடங்கலாம். ஆனால் பனிமனிதன் படமும் பேர்கர் படமும் எங்கள் பிள்ளைக்கு எதற்கு? பிட்டு, சொதி, ஓட்டோ, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், குளக்கட்டு, அம்மம்மா என்று அவன் நாளாந்தம் காண்கிறவை வேண்டும். சிக்னல் இல்லாத இடத்திலும் ஓட வேண்டும். குரலை எங்கள் மாணவிகளே பதிந்து தருவார்கள்.

உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றோருக்கான பயிற்சித் திட்டம் ஒன்று இருக்கிறது. 9 குழு அமர்வு, 3 வீட்டுச் சந்திப்பு. நிபுணர் அல்லாதவரும் பயிற்சி பெற்று நடத்தலாம். முன்பள்ளி ஆசிரியைமாரும் குடும்பநல உத்தியோகத்தர்களும் எங்களிடம் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை வரும் சிகிச்சையாளர் இவர்களைப் பழக்கினால், அவர் வராத நாட்களிலும் வேலை நடக்கும்.

ஒரு வேண்டுகோள் இடையில். உதவி கொடுக்கும்போது பிள்ளையின் முகத்தைப் படமெடுத்து முகநூலில் போடச் சொல்லாதீர்கள். கணக்கு முழுவதையும் பற்றுச்சீட்டோடு அனுப்புவோம்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இந்த மடலை வாசித்து மூன்றை முடிவு செய்யுங்கள். சிகிச்சையாளரின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஆகும் செலவை எந்தச் சங்கம் எத்தனை வருடத்துக்குப் பொறுப்பெடுக்கும். ஒரு வருடம் என்றால் தொடங்கவே வேண்டாம், இடையில் நின்றால் பிள்ளைகள்தான் குழம்புவார்கள். தாய்மாரின் பஸ் காசுக்கு எவ்வளவு ஒதுக்கலாம். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் உங்கள் சார்பில் யார் எழுதுவது. அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் சிகிச்சையாளர் பாடசாலைக்குள் வந்து வேலை செய்யலாம். படங்களை நாங்கள் இப்போதே எடுக்கத் தொடங்குகிறோம். டேப்லெட்டுகளை அவர் வந்து பிள்ளைகளைப் பார்த்த பிறகு, அவர் சொல்லும் எண்ணிக்கையில் வாங்குங்கள்.

அன்புடன்,
விசேட கல்வி ஆசிரியை ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்