எடை சரி, இடுப்பை யார் அளப்பது?

ஆசிரியருக்கு,

நீரிழிவு குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை முழுக்க எடையைப் பற்றியே பேசுகிறது. எடை சரியாக இருப்பவர்களுக்கும் நம் ஊரில் சர்க்கரை வருகிறதே, அதில் வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. என் அண்ணனுக்குக் கைகால் மெலிசு, தொப்பை மட்டும் முன்னே தள்ளி நிற்கும், பேன்ட்டை அதற்குக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு 34 சைஸ்தான் என்பார். அலுவலக மருத்துவ முகாமில் உயரமும் எடையும் பார்த்து நார்மல் என்று எழுதிவிட்டார்கள். அப்புறம் காலில் புண் ஆறாமல் போய்ப் பரிசோதித்தால் சர்க்கரை.

இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவைத் தாண்டினாலே எச்சரிக்கைதான். எல்லா முகாம்களிலும் எடை மெஷின் பக்கத்தில் ஓர் இன்ச் டேப்பும் வைத்து, அளந்த எண்ணைச் சீட்டில் எழுதித் தரச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.