நீல் தீவில் நின்றுபோன படகு: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நாங்கள் ஏற்பாடு செய்து அழைத்துப்போகும் அந்தமான் சுற்றுலா பற்றி மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சில நாட்களாக ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் அதை எங்களுக்கே அனுப்பி, "என்ன சார் இது?" என்று கேட்டீர்கள். அலுவலகத்துக்கே வந்து கேட்டவர்களும் உண்டு. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நடந்தது இதுதான். அரையாண்டு விடுமுறையில் சென்ற எங்கள் குழு அந்தமானின் நீல் தீவிலிருந்து பக்கத்து ஹாவ்லாக் தீவுக்குப் போக வேண்டிய காலையில் படகு ரத்தாகிவிட்டது. மறுநாள்தான் கிளம்ப முடிந்தது. அதுவும் பதிவு செய்திருந்த குரூஸில் (தனியார் பயணிகள் படகு) இடம் கிடைக்காமல், அரசுப் படகில். ஹாவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் ஒரு முழு மாலையும் இருக்க வேண்டியவர்கள் அரைமணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அங்கே ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும். இவ்வளவும் உண்மை. அந்தக் குழுவினரின் வருத்தம் எங்களுக்கும் வருத்தம்தான்.

ஆனால் அந்தச் செய்தி அதோடு நிற்கவில்லை. "வெயில் அடித்தது, கடல் குளம் மாதிரி இருந்தது, டிக்கெட் காசை மிச்சம் பிடிக்கத்தான் படகு இல்லை என்று சொன்னார்கள்" என்று முடிகிறது. அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு எங்களுக்குத் தூக்கமே இல்லை.

முதலில் அந்தக் குளம் விஷயம். நீல் தீவின் படகுத்துறை பரத்பூர் கடற்கரையை ஒட்டி இருக்கிறது. அங்கே கரையோரம் முழுக்கப் பவளப்பாறை. வெளியிலிருந்து வரும் அலையின் வேகத்தை அந்தப் பாறை உடைத்துவிடும். அதனால் கரையில் நிற்பவருக்கு முழங்கால் ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடப்பதாகத்தான் தெரியும். பாறையைத் தாண்டினால் கடல் வேறு. வங்கக் கடலில் எங்கோ தள்ளி ஒரு தாழ்வு மண்டலம் இருந்தால் போதும், இங்கே இலை அசையாத நேரத்திலும் நீள நீளமாக அலை வந்துகொண்டே இருக்கும். சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புயல் எங்கோ நடுக்கடலில் இருக்கும், பட்டினப்பாக்கத்தில் வெயில் காயும், அலை மட்டும் குடிசை வாசல்வரை வந்துவிட்டுப் போகும்.

அன்று காலை படகுத்துறையில் நின்றிருந்த எங்கள் ஆள் ஒரு வீடியோ அனுப்பினார். ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த படகு ஒன்று ஆட்களை இறக்கவே திணறிக்கொண்டிருந்தது. படகின் தளம் துறையின் விளிம்புக்கு மேல் இடுப்பளவு ஏறுகிறது, அடுத்த நொடி அதற்குக் கீழே போய்விடுகிறது. நடுவில் தொங்கும் டயர்கள் நசுங்கி நசுங்கி விரிகின்றன. கட்டிய கயிறு தொய்ந்து தண்ணீரில் விழுகிறது, மறுபடி விறைக்கும்போது சொட்டெல்லாம் தெறிக்கிறது. படகுக்கும் துறைக்கும் இடையே போட்ட பலகை ஓரிடத்தில் நிற்கவில்லை. அந்தப் பலகையில் எழுபது வயதுத் தாத்தாவையும் கைக்குழந்தைக்காரியையும் நடத்தி ஏற்ற எங்களுக்கு மனம் வராது. மனம் வந்தாலும் முடியாது. படகு போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது துறைமுக அதிகாரிகளும் படகின் மாலுமியும். பயண ஏற்பாட்டாளருக்கு அதில் ஒரு வார்த்தை பேசும் அதிகாரமும் கிடையாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், இந்தக் கடலில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக் குடும்பங்களே சாட்சி. 2014 ஜனவரி 26-ம் தேதி போர்ட் பிளேர் அருகே ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து ஒன்றாகச் சென்ற குழு அதில் இருந்தது. ஏற்ற வேண்டிய அளவைவிட அதிகம் பேரை ஏற்றியிருந்தார்கள். பக்கத்துத் தீவுக்குத்தானே, கொஞ்ச நேரப் பயணம்தானே என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் மறக்க முடியாது. அப்புறம் 2016 டிசம்பர். சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா புயல், இங்கே வருவதற்கு முன் அந்தமான் பக்கம்தான் இருந்தது. ஹாவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் நாள் கணக்கில் சிக்கிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்து வர வேண்டியதாயிற்று.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். குரூஸ் டிக்கெட் பல வாரங்களுக்கு முன்பே பணம் கட்டி எடுத்தது. படகு ரத்தானால் அந்தப் பணம் அன்றே எங்கள் கைக்கு வராது. கட்டிய கணக்குக்கே சில நாட்கள் கழித்துத்தான் திரும்பும். அரசுப் படகு டிக்கெட் விலை குறைவு என்பது உண்மை. குரூஸ் பணம் வந்து சேர்ந்த அன்றே அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு குடும்பத்துக்கும் அனுப்பிவிட்டோம். நீலில் கூடுதலாக ஒரு இரவு தங்கிய அறை வாடகையும் இரவுச் சாப்பாடும் எங்கள் செலவு. ஹாவ்லாக்கில் அதே இரவுக்குப் பதிவு செய்திருந்த அறைகளுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். அரசுப் படகு டிக்கெட்டுக்காக எங்கள் ஆள் எல்லோருடைய அடையாள அட்டை நகலையும் வைத்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றார். இதில் மிச்சம் எங்கே இருக்கிறது? எல்லா ரசீதும் அலுவலகத்தில் ஒரே ஃபைலில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அந்தச் செய்தியை எழுதியவரும் வரலாம், காபியோடு காட்டுகிறோம்.

அரசுப் படகைத் தரக்குறைவாகப் பேசுவதும் எங்களுக்குச் சம்மதமில்லை. தீவு மக்கள் ஆஸ்பத்திரிக்கும் பரீட்சைக்கும் கல்யாணத்துக்கும் போவது அதில்தான். அந்தமானுக்குக் காய்கறி கொடுக்கும் தீவு நீல். மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் நாமும் உட்கார்ந்து வர வேண்டியிருக்கும். ஆனால் குரூஸில் பெரும்பாலும் கண்ணாடிக்குள் ஏசியில் அடைந்துதான் போக வேண்டும். அரசுப் படகில் மேல்தளத்தில் காற்றாட நிற்கலாம். பறவைக்குஞ்சு மாதிரிச் சிறகு விரித்துத் தண்ணீர் மேல் பறந்துபோகும் மீன்களை அங்கிருந்து பார்த்தவர்கள் அடுத்த முறையும் அதிலேயே போகலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்தச் செய்தி வந்த குழுக்களிலேயே, நாங்கள் கேட்காமலே, "இவர்களோடு போயிருக்கிறோம், அப்படிப்பட்டவர்கள் இல்லை" என்று பதில் எழுதினீர்களே, அவர்கள் அத்தனை பேருக்கும் எங்கள் நன்றி. மார்கழிக் கச்சேரிகள் முடிந்த கையோடு வருடா வருடம் எங்களோடு கிளம்பும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் குழு, அம்மா அப்பாவை எங்களை நம்பித் தனியாக அனுப்பிவைக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள், முதலில் தாங்கள் போய்வந்து அப்புறம் சம்பந்தி வீட்டாரையும் கூட்டி வந்தவர்கள் என்று உங்களை நம்பித்தான் இந்தச் சின்ன அலுவலகம் நடக்கிறது. நீங்கள் கொடுத்த தைரியத்தில்தான் இந்த மடலையே எழுத முடிந்தது.

மாசி மாதக் குழுவிலிருந்து தீவுப் பயணங்களை முன்னாலேயே வைத்துவிட்டு, கடைசி இரண்டு இரவும் போர்ட் பிளேரில் (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) இருப்பதுபோல் மாற்றியிருக்கிறோம். ஒரு நாள் படகு நின்றாலும் சென்னை விமானம் தவறாது. செல்லுலார் சிறையையும் பதற்றமில்லாமல் பார்க்கலாம். படகுக் கட்டணம் மட்டும் இனி பயணத் தொகையில் சேராது, தனியாக வரும். நீலில் பாலம்போல் வளைந்து நிற்கும் பாறையான இயற்கைப் பாலத்தைத் தண்ணீர் வற்றும் நேரத்தில்தான் கிட்டப் போய்ப் பார்க்க முடியும் என்பதால், அன்று கடல் ஏறி வற்றும் நேரம் பார்த்துத்தான் கிளம்புவோம்.

பதிவு செய்திருப்பவர்கள் அடையாள அட்டையின் அசலையே கொண்டு வாருங்கள். டிக்கெட்டில் ஸ்வராஜ் த்வீப் என்று இருந்தால் ஹாவ்லாக், ஷஹீத் த்வீப் என்றால் நீல். 2018-ல் மாற்றிய பெயர்கள், பயப்பட வேண்டாம். படகில் தலைசுற்றுபவர்கள் வயிற்றைக் காலியாக வைக்காமல் இரண்டு இட்லி சாப்பிட்டு, டாக்டர் சொன்ன மாத்திரையைப் படகு ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் எதுவானாலும் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை பத்து மணியிலிருந்து அலுவலகத்தில் இருப்போம்.

அன்புடன்,
உரிமையாளரும் ஊழியர்களும்
மயிலாப்பூர், சென்னை