காலுஸின் ஒன்பது வரிகள்: ஹாரி கெஸ்லருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய கெஸ்லர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியின் வைமாரில் உங்கள் கிரானாக் அச்சகம் 1926-ல் வெளியிட்ட, ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ‘எக்லோக்’ என்ற ஆயர் பாடல்களை இரண்டு மணி நேரம் பக்கம் பக்கமாகப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒரு நூலகத்தில் கிடைத்தது. கையுறை வேண்டாம், கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள் என்றார் நூலகர். மெத்தென்ற தாங்கியில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் நகர்ந்துகொண்டார். உங்களிடம் ஒரு செய்தி சொல்லியே ஆக வேண்டும் என்று அன்றிலிருந்து மனம் அடித்துக்கொள்கிறது.

அதற்கு முன் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புரட்டும்போது அது எழுப்பும் ஓசையே தனி. பக்கத்தைச் சற்றுத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால், மறுபுறத்து எழுத்துகள் அழுந்திய தடம் தெரிகிறது. சிற்பி மையோலின் மரச்செதுக்குப் படங்களுக்கு ஆலைத் தாள் பொருந்தாது என்று, அவருடைய சகோதரர் மகன் கஸ்பாரை வைத்து பிரான்சின் மோன்வாலில் கையால் தாள் செய்யவைத்தீர்கள். 15-ஆம் நூற்றாண்டு வெனிஸில் அச்சாளர் ஜென்சன் வார்த்த எழுத்தை முன்மாதிரியாக வைத்து எட்வர்ட் பிரின்ஸ் அச்செழுத்து வெட்டினார். பாடல்களின் பெரிய முதலெழுத்துகளைச் செதுக்க எரிக் கில் வந்தார். சில பிரதிகளுக்கு ஓட்டோ டோர்ஃப்னர் பைண்டிங் செய்தார். ஜெர்மன் பதிப்பு மொத்தமே 300 பிரதிகளுக்கும் குறைவு. நீங்களும் மையோலும் 1908-ல் கிரேக்கத்துக்குப் போனீர்கள், 1912-ல் செதுக்கு வேலை தொடங்கியது, நடுவில் ஒரு உலகப் போர். இத்தனைக்கும் பிறகு அந்தப் பக்கத்தில் அவசரத்தின் சுவடே இல்லை. ஆட்டின் முதுகாக வளையும் ஒரு கோடும் பக்கத்திலிருக்கும் லத்தீன் எழுத்தும் ஒரே கறுப்பு, ஒரே தடிமன். படம் எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று கண் தேடுவதே இல்லை.

என்னை நிறுத்திவைத்தது பத்தாம் பாடல். வெர்ஜிலின் நண்பனும் கவிஞனுமான காலுஸ் அதில் காதலில் நொந்து கிடக்கிறான். ஆடுகள்கூட வந்து சுற்றி நிற்கின்றன. அவனுடைய காதலி லிகோரிஸ் வேறொருவனோடு ஆல்ப்ஸ் பனியைத் தாண்டி ரைன் பக்கம் போய்விட்டாள். விட்டுப் போனவளைப் பற்றி அவன் சொல்வதைப் பாருங்கள்: குளிர் உன்னை வருத்தாமல் இருக்கட்டும், கூரிய பனிக்கட்டி உன் மெல்லிய பாதங்களைக் கீறாமல் இருக்கட்டும். ரோமானியக் காதல் கவிதையில் இதைவிட என்னை உலுக்கிய இடம் இல்லை. இந்த வரிகள் காலுஸின் சொந்தக் கவிதையிலிருந்தே எடுத்தவை என்று பழைய உரையாசிரியர் செர்வியுஸ் எழுதியிருக்கிறார்.

அந்தச் சொந்தக் கவிதைகள் எங்கே? லிகோரிஸை வைத்து காலுஸ் நான்கு தொகுதிகள் பாடினார். எகிப்தின் முதல் ரோமானிய ஆளுநரானார், பேரரசர் அகுஸ்துஸின் கோபத்துக்கு ஆளானார், தற்கொலை செய்துகொண்டார். தொகுதிகள் அழிந்துபோயின. உங்கள் காலத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வரி, அதுவும் ஒரு நதியைப் பற்றியது.

இனி செய்திக்கு வருகிறேன். ஒன்றல்ல, இரண்டு.

நாட்டை விட்டு வெளியேறிய பின் மயோர்க்கா தீவில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் உங்கள் நாட்குறிப்புகளை வைத்தீர்களே, அவை கிடைத்துவிட்டன. 1983-ல் பெட்டகத்தைத் திறந்தார்கள். கிரேக்கப் பயணத்தை இப்போது உங்கள் சொற்களிலேயே படிக்கிறோம். 1937-ல் லியோனில் கண்மூடியபோது அவை என்ன ஆகுமோ என்ற கவலை உங்களுக்கு இருந்திருக்கும். அது தீர்ந்தது.

அடுத்தது, காலுஸும் கிடைத்தார். 1978-ல், எகிப்தின் தெற்கே நூபியாவில், ரோமானியப் படை தங்கியிருந்த கஸ்ர் இப்ரிம் என்ற குன்றில் பாப்பிரஸ் என்னும் நாணல் தாளின் கிழிசல் ஒன்று அகப்பட்டது. ஏறக்குறைய ஒன்பது வரிகள். அதில் லிகோரிஸின் பெயர் இருக்கிறது. ‘என் தலைவிக்குத் தகுந்தவை என்று நான் சொல்லக்கூடிய பாடல்களைக் கலைத்தேவியர் ஒருவழியாக ஆக்கித் தந்தார்கள்’ என்ற பொருளில் இரண்டு வரிகள் அதில் வருகின்றன. அவர் ஆண்ட அதே நாட்டின் மணல், இரண்டாயிரம் ஆண்டுகள் அதைக் காத்து வைத்திருந்தது. காலுஸ் உயிரோடு இருந்தபோதே எழுதிய பிரதியாகக்கூட இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அதன் புகைப்படத்தைப் பார்த்ததும் உங்கள் நினைவுதான் வந்தது. அழகான, நிதானமான கையெழுத்து. சொல்லுக்குச் சொல் நடுவே ஒரு புள்ளி. வரிகளுக்கிடையே தாராளமான இடம். ஒவ்வொரு ஈரடியிலும் இரண்டாம் அடி சற்று உள்ளே தள்ளித் தொடங்குகிறது. யாரென்றே தெரியாத அந்த எழுத்தரை, வைமாருக்கு அழைத்து உங்கள் மேசையருகே உட்கார வைத்திருப்பீர்கள்.

மிகுந்த நன்றியுடன்,
உங்கள் வாசகன்