இரண்டாவது நாற்காலி

அன்பு மகளுக்கு,

உன் திரைக்கதையின் இரண்டாவது வரைவை முழுக்கப் படித்தேன். நல்ல கதைதாம்மா. ஆனால் துணை தேடும் அந்த இரண்டு பேரும் ஒன்பது இடத்தில் அழுகிறார்கள். அவ்வளவு கண்ணீர் வேண்டாம். பல வருஷம் தனியாக இருப்பவர்கள் அதற்குப் பழகிப்போயிருப்பார்கள். அலம்பிக் கவிழ்த்த ஒரே தட்டு, ஒரே டம்ளர், இரண்டாவது நாற்காலியில் மடிக்காத துணிக் குவியல். இதைக் காட்டினால் போதும், பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

முதல் சந்திப்பு 47ஆம் பக்கத்தில் வருகிறது. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் முக்கால் மணி நேரம். 25ஆம் பக்கத்துக்குள் கொண்டுவந்துவிடு.

அவன் அவளுக்கு போன் செய்யும் காட்சியில் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிக் காட்டியிருக்கிறாய். அவனோடு மட்டும் இரு. 1955இல் வந்த ‘மார்ட்டி’ என்ற அமெரிக்கப் படத்தில் கசாப்புக்கடை வேலை பார்க்கும் நாயகன் ஒரு பெண்ணுக்கு போன் செய்வான், அவள் குரல் நமக்குக் கேட்கவே கேட்காது. அவள் மறுப்பதை அவன் முகத்திலும், அவன் தடுமாறும் பேச்சிலும்தான் தெரிந்துகொள்வோம். இதைப் படமாக்கும்போது உதவி இயக்குநரை விட்டு எதிர்முனை வசனத்தை வாசிக்கச் சொல்லாதே. வாசிப்பு தட்டையாகப் போனால் நடிகரின் இடைவெளிகள் தப்பான இடத்தில் விழும், எடிட்டிங்கில் அதைச் சரிசெய்ய முடியாது. நடிகையையே பக்கத்து அறையில் உட்காரவைத்து நிஜமாகவே போனில் பேசவிடு. அவர் குரல் காதோடு ஒட்டிய ரிசீவரில் மட்டும் கேட்கட்டும். மைக்கில் விழுந்தால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

சமையலறையில் பிரிட்ஜ் ஓடும் சத்தம் உனக்குக் கட்டாயம் வேண்டும். அந்த வீட்டில் ராத்திரி துணைக்கு இருப்பது அது ஒன்றுதான். ஆனால் அது ஓடும்போது வசனம் பதிவு செய்தால் கட் செய்யும் ஒவ்வொரு இடத்திலும் இரைச்சல் எகிறும். ஷாட் எடுக்கும்போது அணைத்துவை. மறுபடி போட மறக்காமலிருக்க கார் சாவியை அதற்குள்ளேயே வைப்பது சவுண்ட்காரர்களின் பழைய வழக்கம். பிறகு இரைச்சலைத் தனியாகவும், எல்லோரும் அசையாமல் நிற்க வெறும் அறையின் சத்தத்தை ஒரு நிமிடமும் பதிவு செய். விளக்குகளைக் கழற்றுவதற்கு முன்பே இது முடிந்துவிட வேண்டும். அவள் வீட்டுக்கு வரும் மாலையில் பிரிட்ஜ் சத்தத்தை மெதுவாகக் குறைத்துக்கொண்டே போ. அங்கே இசை போடாதே.

லென்ஸ் விஷயத்தில் உன் கேமராமேன் சொல்வது சரி. தனியாக இருக்கும்போது 28 அல்லது 35 எம்எம், ஆள் சின்னதாகத் தெரியட்டும். ஆளை நெருக்கமாகக் காட்டும் 85 எம்எம் லென்ஸை இருவரும் சேர்ந்திருக்கும் காட்சிகளுக்கு வைத்துக்கொள்.

முதல் சந்திப்பை முதல் இரண்டு நாளிலேயே எடுத்துவிடு. நடிகர்கள் பழகிவிட்டால் அந்தக் கூச்சத்தை நடித்துத்தான் கொண்டுவர வேண்டியிருக்கும்.

கடைசியில் அவளை உட்காரச் சொல்ல அவன் ஒரு பக்கம் வசனம் பேசுகிறான். அதை எடுத்துவிடு. நாற்காலியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கட்டும். கட் செய்வதற்கு முன் 48 பிரேம், அதாவது முழு இரண்டு விநாடி, அப்படியே விடு. ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் குவியலைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள். துணியின் உயரம் மாறினால் ஷாட்கள் ஒட்டாது.

மூன்றாவது வரைவு முடிந்ததும் அனுப்பும்மா.

அன்புடன்,
அப்பா