வந்த பிறகு நேரும் தாமதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் மாத மார்பகப் புற்றுநோய்ச் சிறப்புப் பக்கத்தில், 'விழிப்புணர்வு இல்லாததால் கிராமத்துப் பெண்கள் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள்' என்று ஒரு வரி. நெடுங்காலம் திசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த எனக்கு அது மனசு தாங்கவில்லை. வந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்பது தாங்கள் அறியாததா?

கட்டி என்று வந்தால் முதலில் ஊசி பயாப்ஸி, அதாவது ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது, செய்ய வேண்டும். சிற்றூர்களில் பல இடங்களில் நேரே கட்டியை அறுத்து எடுத்துவிடுகிறார்கள். எடுத்த சதையை ஒரு மணி நேரத்துக்குள் சதை கெடாமல் காக்கும் 10% பஃபர் ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டும். சதையைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். அதில் ஊறுவது 6 மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது, 72 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. எங்களுக்கு வந்தவையோ சலைன் என்கிற உப்புநீரில் மிதந்தவை, குறுகிய வாய்ப் புட்டியில் திணித்தவை. பெரிய கட்டியை வகுந்து போடாவிட்டால் நடுவே ஃபார்மலின் இறங்காது, சதை கெட்டுவிடும். புற்றணுவில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடம்தான் ஹார்மோன் ஏற்பி. கெட்ட சதையில் அது இருந்தாலும், சாயமேற்றி அதைத் தேடும் ஐ.எச்.சி. சோதனை 'இல்லை' என்று காட்டிவிடும். 'இல்லை' என்றால், அந்த ஏற்பியை அடைக்கும் டமாக்சிஃபென் மருந்தை எழுத மாட்டார்கள். தினம் 20 மி.கி. வீதம் ஐந்தாண்டு சாப்பிட வேண்டிய, ஏழைக்கும் கட்டுப்படியாகிற மாத்திரை அது. ஒரு புட்டியால் அதுவும் போயிற்று. இதில் அந்தப் பெண் செய்த தவறு என்ன?

அடுத்தது கரண்ட் வைப்பது, அதாவது ரேடியேஷன் என்கிற கதிர்வீச்சுச் சிகிச்சை. மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் ரேடியேஷன் தேவை. 25 நாள் வைத்ததை 15 நாளில் முடிக்கலாம். தகுந்தவர்களுக்கு 5 நாளே போதும் என்று 2020-இல் ஆய்வு முடிவு வந்தாயிற்று. ஆனால் கிராமத்துப் பெண்களுக்கு இயந்திரம் பக்கத்தில் இல்லை, தங்க இடமில்லை, அன்றாடக் கூலி போகும். மார்பையே எடுத்துவிடுங்கள் என்று அவர்கள் கேட்பது அறியாமையால் அல்ல.

மும்பைக் குடிசைப் பகுதிகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். 50 வயதைக் கடந்த பெண்களிடையே இந்நோயால் ஏற்படும் சாவு ஏறத்தாழ 30% குறைந்தது என்று டாடா நினைவு மருத்துவமனை 2021-இல் வெளியிட்டது. அதையும் ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். முகாம் செய்தியில் எத்தனை பேருக்கு மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுத்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், கட்டி இருந்தவர்களில் எத்தனை பேருக்கு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 60 நாளுக்குள், நோய் இன்னதென்று உறுதியானது என்றும் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
திருவண்ணாமலை மாவட்டம்.