பொத்தான் ஷூ கேட்டோம், ஜிப் ஷூ வந்தது: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
நாடகக் குழு ஒருங்கிணைப்பாளர்,
திருச்சி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
மேடை உடை விற்பனை நிறுவனம்,
சென்னை.

பொருள்: விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத கோட், ஷூ ஆகியவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு 19,800 ரூபாயைத் திருப்பித் தரக் கோருவது.

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் தளத்தில் "1900–1920 அமெரிக்கக் குளிர்கால உடை, அந்தக் காலத்து முறைப்படி தைத்தது" என்று போட்டிருந்ததை நம்பி, நான்கு பேருக்குக் கோட்டும் ஷூவும், கூடவே கம்பளிக் கையுறையும் மப்ளரும் வாங்கினோம். மொத்தம் 21,400 ரூபாய். வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் கூடி ஒத்திகை பார்க்கிற சின்னக் குழு எங்களுடையது. ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சேர்த்த பணம் அது. பார்சலைப் பிரித்தால், கையுறையையும் மப்ளரையும் தவிர எதுவுமே நீங்கள் சொன்னபடி இல்லை.

முதலில் ஷூவைச் சொல்கிறேன். எங்களை அதிகம் வதைத்தது அதுதான். உங்கள் படத்தில் இருந்தது கணுக்காலுக்கு மேலே ஏறுகிற தோல் ஷூ. பக்கவாட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன உருண்டைப் பொத்தான்கள். அந்தக் காலத்தில் பெண்களும் குழந்தைகளும் பரவலாகப் போட்டது இந்த வகைதான். விரலால் அந்தப் பொத்தானை மாட்டுவது சிரமம் என்பதால், நுனி வளைந்த ஒரு கம்பிக் கொக்கி வைத்திருப்பார்கள். கொக்கியைத் துளைக்குள் விட்டு, பொத்தானின் கழுத்தைப் பிடித்து, வெளியே இழுக்க வேண்டும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் குடியேறிய ஒரு நார்வே குடும்பத்தின் கதைதான் எங்கள் நாடகம், நடப்பது 1913-ல். அதில் ஒரு காட்சி முழுக்க இந்தப் பொத்தான் மாட்டுவதிலேயே நடக்கிறது. அம்மா தரையில் உட்கார்ந்து, மகளின் காலை மடியில் வைத்துக்கொண்டு, 12 பொத்தான்களையும் ஒவ்வொன்றாக மாட்டியபடியே பேசுகிறாள். ஊரை விட்டு வந்தது, முதல் குளிர்காலத்தில் பறிகொடுத்த கைக்குழந்தை, எல்லாம் அந்த மூன்று நிமிடத்தில்தான் வருகிறது. கொக்கி சிக்கிக்கொள்ளும்போது பேச்சும் நிற்கும், பொத்தான் ஏறியதும் பேச்சு தொடரும். அப்படித்தான் எழுதினோம், அப்படித்தான் ஒத்திகை பார்த்தோம்.

நீங்கள் அனுப்பிய ஷூவில் உள்பக்கம் ஜிப். வெளிப்பக்கப் பொத்தான்கள் வெறும் ஒட்டு. அம்மாவாக நடிப்பவர் கொக்கியை மாட்டி இழுத்ததும் மூன்றாவது பொத்தான் கையோடு வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் அடியில் காய்ந்த பசை, மஞ்சளாக, ஓர் அரிசி அளவுக்கு. அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜிப்பை இழுக்க இரண்டு நொடி போதும். மூன்று நிமிட வசனத்தை அவர் எதை வைத்துப் பேசுவார்?

இதை உங்கள் சேவை எண்ணில் சொன்னபோது, "ஜிப் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது சார்" என்று பதில் வந்தது. பாதி உண்மை. விட்கோம்ப் ஜட்சன் என்பவர் 1893-லேயே ஷூவுக்கென ஒரு கொக்கிப் பட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். அது ஒழுங்காக வேலை செய்யவில்லை, எடுபடவும் இல்லை. இன்று நாம் பார்க்கிற மாதிரியான ஜிப்பை கிடியன் சண்ட்பாக் உருவாக்கியது 1913-ல். காப்புரிமை கிடைத்தது 1917-ல். 1923-ல் குட்ரிச் ரப்பர் கம்பெனி தன் மழைக்கால மேல்ஷூவில் அதை வைத்த பிறகுதான் 'ஜிப்பர்' என்ற பெயரே பரவியது. 1913-ல் வடக்கு டகோட்டாவில் கோதுமை விளைவிக்கும் ஒரு குடியானவன் மகள் ஜிப் வைத்த ஷூ போட்டிருக்க வழியே இல்லை. ஆர்டர் போடும்போதே ஆண்டையும் இடத்தையும் குறிப்புப் பெட்டியில் எழுதியிருந்தேன்.

அடுத்து கோட். அப்பாவுக்குக் கேட்டது முழங்காலுக்குக் கீழே வரும் கனத்த கம்பளிக் கோட். வந்தது உள்ளே பஞ்சு அடைத்த, தொட்டால் சரசரக்கும் ஜாக்கெட். மேலே மட்டும் சாம்பல் துணி. காலருக்கு அடியில் '100% பாலியஸ்டர்' என்று லேபிள், கைமுனையில் வெல்க்ரோ. நைலானையே உலகத்துக்கு அறிவித்தது 1938-ல்தான். பாலியஸ்டரும் வெல்க்ரோவும் அதற்கும் பிறகு வந்தவை. எங்கள் அரங்கில் முதல் வரிசை மேடையிலிருந்து ஆறடி. விளக்குப் பட்டதும் அந்தத் துணி பிளாஸ்டிக் பை மாதிரி மின்னுகிறது. "மேடையில் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது" என்று உங்கள் மின்னஞ்சலில் எழுதியிருக்கிறீர்கள். தெரிகிறது.

மின்னுவதைக்கூட விடுங்கள். எடைதான் எங்களுக்கு முக்கியம், அதையும் ஆர்டரில் கேட்டிருந்தேன். நாடகம் 1913-ல் நடப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு முன்பு அமெரிக்கத் தபாலில் 4 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 1.8 கிலோவுக்கு மேல், பொருள் அனுப்ப முடியாது. சிகாகோவிலிருந்து மான்ட்கமரி வார்டு, சியர்ஸ் என்ற தபால்வழி விற்பனைக் கம்பெனிகள் அனுப்பிய கேட்லாக்கைப் பார்த்துக் கோட் வாங்கினால், கனமான பார்சல் ரயிலில்தான் வரும். ஸ்டேஷனுக்குக் குதிரை வண்டி கட்டிக்கொண்டு போய் எடுத்து வர வேண்டும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் வரை போகும் பிரதேசம் அது. போர்த்திக்கொள்ளக் கோட் இல்லாதவன் கோட் எடுக்கப் பனியில் போக வேண்டிய நிலை. 1913 ஜனவரி 1-ஆம் தேதி பார்சல் தபால் தொடங்கியது. 11 பவுண்டு வரை, கிட்டத்தட்ட 5 கிலோ, தபால்காரரே கொண்டுவந்து தருவார் என்றானது. எங்கள் நாடகமே அந்த முதல் பார்சல் ஒரு வீட்டு வாசலுக்கு வருவதுதான். அப்பா அதை இரண்டு கையாலும் ஏந்தி வாங்குகிறார், பாரத்தில் தோள் இறங்குகிறது. உங்கள் கோட்டை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 820 கிராம். அவ்வளவுதான் கோட் என்றால் பழைய தபாலிலேயே வந்திருக்குமே! எங்கள் கதைக்கே வேலை இல்லாமல் போய்விடுகிறது.

அம்மா, பிள்ளைகளின் கோட்டுகளும் இதே ரகம். படங்களை இணைத்திருக்கிறேன்.

அப்புறம் மொழி. உங்களுக்கு முதல் புகாரைத் தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினால்தான் எடுத்துக்கொள்வோம் என்று பதில் வந்தது. சென்னையில் இருக்கிற நிறுவனம், திருச்சி வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்வது எனக்கு உண்மையிலேயே வலித்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் சியர்ஸ் கம்பெனி, எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று கேட்லாக்கிலேயே அச்சடித்து, மொழிபெயர்க்க ஆட்களையும் வைத்திருந்தது. ஜெர்மானியரும் சுவீடன்காரரும் தங்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதி ஷூ வாங்கினார்கள். எங்கள் நாடகத்தில் வரும் நார்வே குடும்பமும் அப்படித்தான் எழுதுகிறது. அதனால் இந்தக் கடிதத்தையும் தமிழில்தான் எழுதுகிறேன்.

'விற்ற பொருளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது' என்ற உங்கள் விதியைக் காட்டினீர்கள். கண்ணால் பார்க்காமல், கையால் தொடாமல், படத்தை நம்பிப் பணம் அனுப்புகிறவருக்கு அந்த விதி எவ்வளவு அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்று மான்ட்கமரி வார்டு 1875-லேயே அறிவித்துவிட்டது. 1912-ல் மெய்ன் மாநிலத்தில் எல்.எல்.பீன் என்பவர், அடியில் ரப்பரும் மேலே தோலும் வைத்துத் தைத்த வேட்டை ஷூவைத் தபாலில் 100 ஜோடி விற்றார். தையல் விட்டுப்போய் 90 ஜோடி திரும்பி வந்தது. அவர் கடன் வாங்கி அத்தனை பேருக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஷூவைத் திருத்தி மறுபடியும் விற்றார். அந்த ஆளுக்கு அப்போது கையில் கம்பெனி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

நம் நாட்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது.

நாடகம் முடிந்துவிட்டது. உங்கள் உடை எதையும் மேடையில் பயன்படுத்தவில்லை. சாலையோரம் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர், பழைய பள்ளி பூட்ஸில் மேல்தோல் சேர்த்து, 12 பொத்தானையும் நூலால் தைத்துக் கொடுத்தார். ஒன்றுகூட உதிரவில்லை. கோட்டுக்கு, ஊட்டியில் இருக்கும் ஒரு நண்பரின் தாத்தாவுடைய பழைய கம்பளிக் கோட்டைக் கடன் வாங்கினோம். ஆகவே மாற்றுப் பொருள் எங்களுக்கு வேண்டாம்.

கையுறையும் மப்ளரும் நன்றாக இருந்தன. நிஜக் கம்பளி, கையால் பின்னியது. அவற்றுக்கான 1,600 ரூபாயை நான் கேட்கவில்லை. யார் பின்னினார்களோ அவர்களிடம் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள்.

மீதி 19,800 ரூபாயை, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் நாங்கள் பணம் அனுப்பிய அதே கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். தளத்தில் இருக்கும் 'அந்தக் காலத்து முறைப்படி தைத்தது' என்ற வரியையும் நீக்குங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம்.

நான்கு கோட்டும் நான்கு ஜோடி ஷூவும் வந்த பெட்டியிலேயே கட்டித் தயாராக இருக்கின்றன. உதிர்ந்த பொத்தானைத் தனிக் கவரில் போட்டு மேலே வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் எந்த நாள் வந்தாலும், மாலை ஆறு மணிக்கு மேல் ஒத்திகைக் கூடத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நாடகக் குழு ஒருங்கிணைப்பாளர்

இணைப்பு: பில் நகல், உங்கள் விளம்பரத்தின் படம், வந்த பொருள்களின் படங்கள் 9, கோட்டைத் தராசில் வைத்து எடுத்த படம் 1.