இருவர் படகில் விழித்திருப்பவர் ஒருவர்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

இருவராகத் துடுப்பு வலித்து அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தவர்களைப் பற்றி அண்மையில் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு செய்தி வெளிவந்திருந்தது. எத்தனை நாட்கள், எத்தனை கிலோமீற்றர், யாருடைய சாதனை முறியடிக்கப்பட்டது என்று சொன்னதோடு அச்செய்தி முடிந்துவிட்டது. தோட்டப் பாடசாலையொன்றில் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். சமுத்திரப் படகோட்டிகளின் அனுபவங்களைத் தேடி வாசிக்கும் பழக்கமும் உண்டு. அந்த இருவரும் படகில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லாமல் நாட்கணக்கை மட்டும் சொன்னால் இந்த விளையாட்டின் பெரும்பகுதி வாசகருக்குத் தெரியாமலே போய்விடுகிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இத்தகைய பயணங்களில் இரண்டு மணி நேரம் வலிப்பதும் இரண்டு மணி நேரம் ஓய்வெடுப்பதுமே வழக்கமான ஏற்பாடு. பகலில் சிறிது நேரம் இருவரும் சேர்ந்து வலிக்கும் அணிகள் உண்டு. இரவில் பெரும்பாலும் ஒருவர்தான் வலிப்பார். ஓய்வு என்று பெயரே தவிர, உடலில் படிந்த உப்பைத் துடைத்து, புண்களுக்கு மருந்து தடவி, வெந்நீர் வைத்து உலர் உணவுப் பொதியை ஊறவைத்துச் சாப்பிட்டு, படகின் நிலையையும் மின்கலத்தின் அளவையும் பார்த்துவிட்டுத்தான் தூங்கவேண்டும் என்பதால், அந்த இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரத் தூக்கம் கிடைப்பதே அரிது. கனேரி தீவுகளைச் சேர்ந்த லா கோமேராவிலிருந்து கரீபியன் கடலிலுள்ள அன்டிகுவா வரை ஏறத்தாழ 4,800 கிலோமீற்றர். வேகமான இருவர் அணிக்கே ஐந்தாறு வாரங்கள் ஆகும். அத்தனை நாளும் ஒருவர் எழுந்தால்தான் மற்றவர் துடுப்பில் அமர்கிறார். சுமார் ஏழு மீற்றர் நீளமுள்ள படகில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டே, கைமாற்றும் சில நிமிடங்கள் தவிர, அவர்கள் பேசிக்கொள்ளப் பெரும்பாலும் வாய்ப்பில்லை. நால்வர் அணியில் வலிப்பவருக்குப் பெரும்பாலும் ஒரு துணை இருக்கும். தனியாகச் செல்பவர் தன் தூக்கத்துக்குத் தானே பொறுப்பு. இருவர் அணியிலோ, ஒருவர் பத்து நிமிடம் தாமதித்து எழுந்தால் அந்தப் பத்து நிமிடம் மற்றவருடைய தூக்கத்திலிருந்துதான் கழிகிறது. இதைக் கணக்கு வைக்கத் தொடங்கிய அணியில் மனக்கசப்பு வளர்வதற்கு அதிக நாள் தேவையில்லை.

மலையகத்து வாசகருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துக் கணவர் லயத்துக்குத் திரும்பும் நேரத்தில் மனைவி கூடையோடு பிரட்டுக்கு (காலையில் பெயர் பதியும் இடத்துக்கு) புறப்பட்டுவிடுவார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதையும் கடையில் பாக்கி இருப்பதையும் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதான். அப்படிப் பல ஆண்டுகள் குடும்பம் நடத்தியவர்கள், தங்கள் செய்தியை வாசித்து, ‘இந்த இருவரும் சண்டை போட்டுக்கொள்ளாமல் எப்படிச் சமாளித்தார்கள்?’ என்றுதான் முதலில் கேட்டிருப்பார்கள்.

உடலின் பாடு தனிக்கதை. அலைத்துளி காய்ந்து உப்பாகிறது. அந்த உப்பு, சறுக்கும் இருக்கையில் முன்னும் பின்னும் அசையும் உடலோடு உரசி, உட்காரும் இடத்தில் புண்ணாகிறது. ஈரத்துணி உரசுவதைத் தவிர்க்கப் பலர் ஆடையின்றியே வலிக்கிறார்கள். கழிவறை என்பது ஒரு வாளி. (விளையாட்டுப் பக்கத்தில் இதையெல்லாம் எழுதத் தயங்கியிருப்பீர்கள், எழுதியிருந்தாலும் வாசகர் எவரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள்.) நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 கலோரி அளவில் உணவு கட்டிச் சென்றாலும், கரை சேரும்போது பத்துக் கிலோவுக்கும் மேல் மெலிந்திருப்பது அங்கே சாதாரணம்.

குடிநீர் மற்றொரு கவலை. கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் நுண்சவ்வு வழியே செலுத்தி உப்பை நீக்கும் சிறிய இயந்திரம் படகில் இருக்கும். அதற்கு மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து வரவேண்டும். இப்பயணங்கள் தொடங்கும் டிசம்பரில், நமக்கு வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவரும் நாட்களில், அங்கே வடகிழக்கு வியாபாரக் காற்று அவர்களைப் பின்னாலிருந்து தள்ளுகிறது என்பது நல்ல வாய்ப்பே. ஆயினும் தொடர்ந்து சில நாட்கள் வானம் மூடியிருந்தால் மின்கலம் இறங்கிவிடும். அப்போது தானியங்கிச் சுக்கானை நிறுத்திவிட்டுத் திசையைத் தாங்களே பார்த்துக்கொள்வதா, அல்லது குடிநீருக்குக் கையால் பம்ப் அடிப்பதா என்று, தூக்கம் கெட்ட இரண்டு பேர் முடிவெடுக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது அவர்கள் தூங்கும் அறையின் மூடி. இன்றைய படகுகள் கவிழ்ந்தாலும் தாமாகவே நிமிர்ந்துகொள்ளும் வகையில் கட்டப்பட்டவை. ஆனால் அறைகளின் மூடிகள் இறுக மூடியிருந்தால்தான் அது நடக்கும். வெயிலில் வெந்துபோகும் அந்தச் சிறிய அறையில் காற்றுக்காக மூடியைத் திறந்துவைக்க யாருக்குத்தான் ஆசை வராது? வெளியே இருப்பவர் உள்ளே உறங்குபவருக்காகவும், உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவரின் பாதுகாப்புக் கயிற்றுக்காகவும் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பதே அவர்களுடைய அன்றாடக் கடமை. காற்று எதிர்த்து வீசினால், நீருக்குள் விரியும் கடல் நங்கூரத்தை இறக்கிவிட்டு இருவரும் மூடிய அறையில் முடங்கிக் கிடக்கவேண்டும். இருவரும் ஒன்றாக இருக்கக் கிடைக்கும் நீண்ட நேரம் அதுதான். அதை எவரும் விரும்புவதில்லை.

சமுத்திரத்தைத் துடுப்பால் கடக்கும் இந்த வரலாறே இருவரில்தான் தொடங்கியது. நோர்வேயில் பிறந்த ஜோர்ஜ் ஹார்போ, பிராங்க் சாமுவேல்சன் இருவரும் 1896இல் நியூயோர்க்கிலிருந்து ஏறத்தாழ 18 அடித் திறந்த படகில் புறப்பட்டு, 55 நாட்களில் இங்கிலாந்தின் சில்லித் தீவுகளை அடைந்தார்கள். அந்த வழியில் அவர்களுடைய வேகத்தை 2010இல் தான் மிஞ்சினார்கள்; அதற்கும் நால்வர் வேண்டியிருந்தது. 1966இல் ஜோன் ரிட்ஜ்வே, சே பிளைத் என்ற இரு பிரித்தானியப் படைவீரர்கள் 92 நாட்களில் அயர்லாந்தை அடைந்த அதே ஆண்டில், அதே முயற்சியில் இறங்கிய டேவிட் ஜோன்ஸ்டன், ஜோன் ஹோர் இருவரும் திரும்பவில்லை. கவிழ்ந்த படகும் அதிலிருந்த நாட்குறிப்புமே கிடைத்தன. 1971-72இல் ஜோன் பெயர்பாக்ஸுடன் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அவுஸ்திரேலியா வரை 361 நாட்கள் பயணித்த சில்வியா குக், சமுத்திரமொன்றைத் துடுப்பு வலித்துக் கடந்த முதற்பெண் ஆனார். இரண்டு பேர் ஒரே படகில் ஏறத்தாழ ஓராண்டு! அவர்கள் எத்தனை கிலோமீற்றர் கடந்தார்கள் என்பது எனக்கு நினைவில் நிற்பதில்லை. அத்தனை நாளும் என்ன சமைத்தார்கள், யார் எப்போது தூங்கினார்கள் என்பதைத்தான் வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள்.

கடலைக் காணாமலே பாடசாலைப் படிப்பை முடிக்கும் பிள்ளைகள் எங்கள் தோட்டங்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அத்திலாந்திக் என்பது தேசப்படத்தில் ஒரு நீலநிறம். லா கோமேராவிலிருந்து ஆண்டுதோறும் டிசம்பரில் போட்டிப் படகுகள் புறப்படுகின்றன. ஒவ்வொரு படகும் எங்கே நிற்கிறது என்பதைச் செய்மதி வழியே எவரும் பார்க்கமுடிகிறது. செய்மதித் தொலைபேசி மூலம் படகோட்டிகள் தங்கள் அன்றாட அனுபவங்களைக் கரைக்கு அனுப்பியும் வருகிறார்கள். அடுத்த டிசம்பரில், இருவர் அணியொன்றைத் தெரிவுசெய்து, வாரத்துக்கு ஒரு தடவை அவர்கள் இருக்கும் இடத்தைச் சிறு வரைபடத்தோடும், அந்த வாரம் படகில் நடந்தவற்றைப் பத்து வரிகளிலும் தங்கள் பத்திரிகை வெளியிடுமானால், ஆசிரியர்கள் அதை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைப்பார்கள். முதல் மூவரின் பெயர்களையும் நேரங்களையும் அதன் பின்னர் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.